வேக பிளகின் போட்ட பிறகும் தளம் மெதுவாக இருந்தால்

மலையகத்தில் இப்போது சின்னத் தளங்கள் பெருகிவிட்டன. எல்லயிலும் அப்புத்தளையிலும் நாலைந்து அறைகளை வாடகைக்கு விடுகிறவர்கள், நுவரெலியாவிலிருந்து தேயிலைப் பக்கெட்டுகளைத் தபாலில் அனுப்புகிறவர்கள், ஹட்டனில் சாதாரண தர மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் என்று பலரும் வேர்ட்பிரஸில் தாங்களாகவே ஒரு தளத்தைக் கட்டி நடத்துகிறார்கள். திறக்க நேரமாகிறது என்று யாராவது சொன்னால் உடனே தளத்தை வேகமாக்கும் ஒரு பிளகினை (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை மென்பொருளை) ஏற்றுவார்கள். அது போதாதென்று இன்னொன்று. அப்புறம் பார்த்தால் புக்கிங் ஃபார்ம் போகாது, போனில் மெனு திறக்காது, படங்கள் இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் நிற்கும்.

அந்த நிலையில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கோட் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. டாஷ்போர்டுக்குள் போய்வரத் தெரிந்தால் போதும். ஒரு கணினி, குரோம் பிரவுசர், அவசரமில்லாத ஒரு பின்நேரம், இவ்வளவுதான் தேவை.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேக பிளகின்கள் ஃபைல்களைச் சுருக்கும், தள்ளிப்போடும், தயாரான பக்கத்தைச் சேமித்துவைத்துக் கொடுக்கும் (இந்தச் சேமிப்பைத்தான் கேஷ் என்கிறோம்). எந்தப் பக்கத்துக்கு எந்த ஃபைல் தேவையே இல்லை என்பது தளத்துக்காரருக்குத்தான் தெரியும். அதை அவர்தான் நிறுத்த வேண்டும். நம்முடைய பகுதியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மலை மறைவில் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும். தாயின் போனில் ரீலோட் போட்ட டேட்டாவில் ஒரு பிள்ளை கணித நோட்ஸ் பார்க்க வருகிறது. அந்தப் பக்கத்தில் யாரும் பார்க்காத ஸ்லைடருக்கும் மேப்புக்கும் சேர்த்து அந்த டேட்டா கரைகிறது. இது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

தொடங்குவதற்கு முன்

முழுத் தளத்தையும் பேக்கப் எடுங்கள். அப்டிராஃப்ட்பிளஸ் போன்ற இலவச பிளகின் போதும். ஹோஸ்டிங் தரும் சிபேனல் லாகின் கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். டாஷ்போர்டே திறக்காமல் போனால் அந்த வழியாகத்தான் உள்ளே போக முடியும்.

இரண்டு வேக பிளகின்கள் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தால் ஒன்றை நிறுத்துங்கள். டபிள்யூபி ராக்கெட்டும் லைட்ஸ்பீட் கேஷும் ஒன்றாக ஓடினால், ஒன்று சேமித்ததை மற்றது மறுபடி சேமிக்கும். ஒன்று சுருக்கிய ஃபைலை மற்றது திரும்பவும் சுருக்கப் பார்க்கும். பிழை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. எதை வைத்துக்கொள்வது என்று கேட்டால், உங்கள் ஹோஸ்டிங் லைட்ஸ்பீட் சர்வரில் ஓடினால் லைட்ஸ்பீட் கேஷ் என்பேன். அதன் கேஷ் சர்வரோடு நேரடியாகப் பேசும். மற்ற இடங்களில், உங்களுக்கு அமைப்புகள் புரிகிற ஏதாவது ஒன்று.

அளந்து பார்ப்பது

டாஷ்போர்டில் லாகின் ஆகியிருக்கும்போது தளத்தை அளக்க வேண்டாம். மேலே வரும் கறுப்புப் பட்டைக்காகத் தனி ஃபைல்கள் இறங்கும், கேஷும் பெரும்பாலும் வேலை செய்யாது. இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து அளங்கள்.

கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைப் போட்டு, மொபைல் பக்கத்தைப் பாருங்கள். அங்கே பெரிய எழுத்தில் தெரியும் மதிப்பெண்ணைத் துரத்த வேண்டாம். பக்கத்தின் பெரிய படமோ தலைப்போ தெரிய எடுக்கும் நேரம் எல்சிபி. அது 2.5 விநாடிக்குள் இருப்பது நல்லது. திரையில் உள்ளவை குதிக்கிற அளவு சிஎல்எஸ். அது 0.1க்குள் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரு தாளில் குறித்துவையுங்கள். உண்மையான பயனர்களிடமிருந்து வரும் தரவு கடந்த 28 நாட்களுடையது. சின்னத் தளங்களுக்கு அது பெரும்பாலும் காட்டப்படாது, அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

அடுத்து குரோமில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் என்ற தாவலைத் திறந்து, 'டிஸேபிள் கேஷ்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பக்கத்திலுள்ள தெரிவில் 'ஸ்லோ 4ஜி' வையுங்கள். பக்கத்தை மறுபடி ஏற்றினால் இறங்கும் ஒவ்வொரு ஃபைலும் வரிசையாக வரும்.

அந்த வரிசையில் முதல் வரி உங்கள் பக்கமேதான். அதைக் கிளிக் செய்து 'டைமிங்' பகுதியைப் பாருங்கள். சர்வரின் பதிலுக்காகக் காத்திருந்த நேரம் அங்கே தெரியும். அதுவே ஒன்றிரண்டு விநாடி என்றால் பிரச்சினை சர்வர் பக்கம் இருக்கிறது. ஃபைல்களை நிறுத்தி அதைத் தீர்க்க முடியாது. பக்கக் கேஷ் போட வேண்டும், அல்லது ஹோஸ்டிங்கை மாற்ற வேண்டும். சர்வர் எங்கே இருக்கிறது என்று ஹோஸ்டிங்காரரிடம் கேளுங்கள். வாசகர்கள் இலங்கையில் என்றால் சிங்கப்பூரோ மும்பையோ அமெரிக்காவைவிடக் கிட்ட. விருந்தினர்கள் ஐரோப்பாவிலிருந்து தேடுகிறவர்கள் என்றால் கிளவுட்ஃபிளேர் போன்ற சிடிஎன் (தளத்தின் ஃபைல்களைப் பல நாடுகளில் வைத்து, கிட்ட உள்ள இடத்திலிருந்து கொடுக்கும் சேவை) ஒன்று உதவும்.

காத்திருப்பு குறைவாக இருந்து, கீழே ஃபைல் பட்டியல் மட்டும் நீண்டுகொண்டே போனால், இனி வருவது உங்களுக்குத்தான்.

எந்த ஃபைல் யாருடையது

நெட்வொர்க் பட்டியலில் மேலே சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைத் தரும் ஃபைல்), ஜேஎஸ் (மெனு, ஸ்லைடர் போன்றவற்றை இயக்கும் ஸ்கிரிப்ட்) என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு வரியின் மேல் சுட்டியை வைத்தால் முழு முகவரி தெரியும். அதில் 'பிளகின்ஸ்' என்ற ஃபோல்டருக்கு அடுத்து வரும் பெயர்தான் அந்த ஃபைலை அனுப்பும் பிளகின். 'தீம்ஸ்' என்று இருந்தால் உங்கள் தீம். வேறு தளத்தின் முகவரி இருந்தால் வெளியிலிருந்து வருவது: மேப், யூடியூப், எழுத்துரு, ஃபேஸ்புக்கின் கண்காணிப்புக் கோட்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். அப்புத்தளையில் ஒரு ஹோம்ஸ்டேயின் தளம். முகப்பு, அறைகள், லிப்டன் சீட் போகும் வழி, தொடர்பு என்று நான்கு பக்கங்கள். வழி சொல்லும் பக்கத்தில் எழுத்தும் மூன்று படங்களும் மட்டுமே. நெட்வொர்க்கில் பார்த்தால் அங்கேயும் ஸ்லைடர் பிளகினின் சிஎஸ்எஸ்ஸும் ஜேஎஸ்ஸும், காண்டாக்ட் ஃபார்ம் 7இன் இரண்டு ஃபைல்களும், கேலரியும், வாட்ஸ்அப் பொத்தான் பிளகினும் இறங்குகின்றன. காண்டாக்ட் ஃபார்ம் 7 இயல்பிலேயே தன் ஃபைல்களை எல்லாப் பக்கத்துக்கும் அனுப்பும், ஃபார்ம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதோடு ஸ்பாமைத் தடுக்கும் ரீகேப்சா 3ஐ இணைத்திருந்தால் கூகுளின் ஸ்கிரிப்டும் எல்லாப் பக்கத்திலும் ஏறும். அது ஃபார்மின் சொந்த ஃபைல்களைவிடப் பல மடங்கு பெரியது. இந்த ஒன்றை மட்டும் சரிசெய்தாலே பல தளங்களில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி 'கவரேஜ்' என்று தேடினால் இன்னொரு கருவி வரும். ஒவ்வொரு ஃபைலிலும் எவ்வளவு பயன்பட்டது, எவ்வளவு சும்மா இருந்தது என்று அது காட்டும். ஆனால் பக்கம் திறந்த அந்தக் கணத்தில் பயன்படாததைத்தான் அது 'சும்மா' என்கிறது. மெனுவைத் தொட்டால் விரியும் பகுதி, ஃபார்மை அனுப்பினால் வரும் பிழைச் செய்தி எல்லாம் அதில் அடங்கும். அதனால் கவரேஜ் சொன்னதற்காக எதையும் உடனே நிறுத்த வேண்டாம்.

நிறுத்துவதற்கு முன், பிளகினே வேண்டுமா?

இந்தக் கேள்வியைத் தாண்டி ஓடுகிறவர்கள்தான் அதிகம். வாட்ஸ்அப் பொத்தானுக்குத் தனி பிளகின் வேண்டியதில்லை, வாட்ஸ்அப் தரும் லிங்கை ஒரு சாதாரண பொத்தானில் வைத்தாலே வேலை முடிந்தது. பக்கத்துக்குள் கூகுள் மேப்பைப் பதிப்பதற்குப் பதிலாக, வழியைக் காட்டும் ஒரு படத்தை வைத்து அதைத் தொட்டால் மேப் ஆப் திறக்கும்படி செய்யுங்கள். தெமோதர ஒன்பது வளைவுப் பாலத்தைத் தேடி நடக்கும் பயணிக்கு வேண்டியதும் அந்த ஆப்தான். டீமோ இறக்குமதி செய்தபோது வந்து சேர்ந்த பிளகின்கள் இருக்கும். அவற்றை நிறுத்தி, ஒரு வாரம் பார்த்து, அழித்துவிடுங்கள்.

மும்மொழித் தளங்களில் ஒன்றைக் கவனியுங்கள். மேலே மொழி மாற்றும் இடத்தில் 'சிங்களம்' என்பது சிங்கள எழுத்தில் இருக்கும். தீமில் சிங்களத்துக்கென்று ஒரு வெப் எழுத்துரு சேர்க்கப்பட்டிருந்தால், அந்த ஒரு சொல்லுக்காகத் தமிழ்ப் பக்கம் ஒவ்வொன்றிலும் அந்த எழுத்துரு ஃபைல் இறங்கும். நெட்வொர்க்கில் 'ஃபான்ட்' பகுதியைத் திறந்து எண்ணிப் பாருங்கள். இன்றைய ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் தமிழும் சிங்களமும் தெளிவாகக் காட்டும் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. பத்திகளில் வரும் எழுத்துக்கு அதையே விட்டுவிட்டு, தலைப்புக்கு மட்டும் வெப் எழுத்துரு வைப்பது என் விருப்பம்.

பக்கவாரியாக நிறுத்துவது

இதற்கென்றே பிளகின்கள் உண்டு. இலவசமாகத் தொடங்க அசெட் கிளீன்அப் நல்லது. காசு கொடுக்கத் தயாரென்றால் பெர்ஃப்மேட்டர்ஸில் 'ஸ்கிரிப்ட் மேனேஜர்' என்ற பகுதி இருக்கிறது. அது கையாள இன்னும் இலகு. நான் கீழே சொல்வது அசெட் கிளீன்அப்பை வைத்து. பெர்ஃப்மேட்டர்ஸிலும் முறை ஏறத்தாழ இதுதான்.

நிறுவியதும் முதலில் அமைப்புகளுக்குப் போய் 'டெஸ்ட் மோட்'டை இயக்குங்கள். இதைத் தாண்டி ஒரு அடியும் வைக்க வேண்டாம். டெஸ்ட் மோட் இயங்கும்வரை நீங்கள் செய்யும் மாற்றம் லாகின் ஆன நிர்வாகிக்கு மட்டும் தெரியும். வருகிறவர்கள் பழைய தளத்தையே பார்ப்பார்கள். அதே பிளகினில் சிஎஸ்எஸ், ஜேஎஸ் ஃபைல்களைச் சுருக்கும், சேர்க்கும் தெரிவுகளும் இருக்கும். உங்கள் கேஷ் பிளகின் ஏற்கெனவே அதைச் செய்தால் இங்கே எல்லாவற்றையும் அணைத்தே வையுங்கள்.

இனி ஒரு பக்கத்தைத் தெரிவுசெய்யுங்கள். முகப்பை விட்டுவிட்டு, அதிகம் சிக்கலில்லாத ஒரு பக்கத்திலிருந்து தொடங்குவது பாதுகாப்பு. நம் உதாரணத்தில் லிப்டன் சீட் பக்கம். அதன் ஃபைல் பட்டியல் பிளகின்வாரியாகப் பிரிந்து வரும். ஸ்லைடருக்கு எதிரே 'இந்தப் பக்கத்தில் நிறுத்து' என்ற பொருளிலான தெரிவைத் தட்டுங்கள். சேமியுங்கள். பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழ்வரை பாருங்கள். சரியாக இருந்தால் அடுத்தது கேலரி. ஒரு தடவைக்கு ஒரு பிளகின் மட்டும். ஐந்தை ஒன்றாக நிறுத்திவிட்டு ஏதோ உடைந்தால், எதனால் என்று மறுபடி ஐந்தையும் திறந்து பார்க்க வேண்டிவரும்.

ஒரே இடத்தில் மட்டும் வேண்டியவற்றுக்கு வேறு வழி சுருக்கமானது. காண்டாக்ட் ஃபார்ம் 7ஐயும் அதன் ரீகேப்சாவையும் தளம் முழுவதும் நிறுத்துங்கள். பிறகு தொடர்புப் பக்கத்துக்குப் போய் 'இங்கே மட்டும் ஏற்று' என்ற விதிவிலக்கைக் கொடுங்கள். அதற்கு முன், ஃபுட்டரிலோ பாப்அப்பிலோ அதே ஃபார்ம் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இருந்தால் இந்த வழி சரிவராது.

தேயிலை விற்கும் தளங்களில் வூகாமர்ஸ் என்ற கடை பிளகின் இருக்கும். வலைப்பதிவுப் பக்கங்களிலும் எங்களைப் பற்றிய பக்கத்திலும் அதன் சிஎஸ்எஸ் தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் மேலே கூடைச் சின்னமும் எண்ணிக்கையும் காட்டினால், அதை இயக்கும் ஸ்கிரிப்டைத் தொட வேண்டாம். கூடை, பணம் செலுத்தும் பக்கம், கணக்குப் பக்கம் மூன்றிலும் எதையுமே நிறுத்தக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அரை விநாடி மிச்சம் பிடிக்கப் போய் ஒரு ஓடரை இழப்பது வேண்டாம்.

ஜேக்வெரி என்ற பொதுவான ஜேஎஸ் ஃபைலை நிறுத்த ஆசை வரும், பெரிதாகத் தெரியும் என்பதால். பழைய தீம்களும் பிளகின்களும் பெரும்பாலும் அதன்மீதுதான் நிற்கின்றன. தாய் ஃபைலை நிறுத்தினால் அதை நம்பியிருக்கும் பிள்ளை ஃபைல்களும் ஏறாது. அசெட் கிளீன்அப் அந்தப் பிள்ளைகளின் பெயர்களைப் பக்கத்திலேயே காட்டும், வாசித்துவிட்டுத் தட்டுங்கள். பிளாக் எடிட்டரில் எழுதுகிறவர்கள் அந்த பிளாக்குகளுக்குத் தோற்றம் தரும் பிளாக் லைப்ரரி சிஎஸ்எஸ்ஸையும் விட்டுவையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பத்தி அருகருகே இருந்த இடம் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சரியும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இப்படி நிறுத்துவது ஃபைலைத்தான் நிறுத்துகிறது. அந்த பிளகின் சர்வருக்குள் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். சர்வர் நேரத்தையும் குறைக்க வேண்டுமென்றால் பிளகினையே பக்கவாரியாக அணைக்கும் வகையும் உண்டு. புதியவர்கள் அதற்குள் இப்போதைக்குப் போக வேண்டாம்.

எல்லாம் சரி என்று பட்ட பிறகு டெஸ்ட் மோடை அணையுங்கள். சுருக்கும் பிளகினின் கேஷ், பக்கக் கேஷ், ஹோஸ்டிங்கின் கேஷ், சிடிஎன் என்று உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாக அழியுங்கள். கடைசியில் வேறொருவரின் போனில், வைஃபை இல்லாமல், பக்கங்களைத் திறந்து பாருங்கள். மெனுவைத் தொடுங்கள். ஃபார்மில் ஒரு செய்தி அனுப்பி, அது மின்னஞ்சலில் வந்து சேர்கிறதா என்று பாருங்கள். திரையில் 'நன்றி' வந்ததை மட்டும் நம்ப வேண்டாம்.

ஏதாவது உடைந்தால்

முதலில் யார் காரணம் என்று தெரிய வேண்டும். பல வேக பிளகின்களில், முகவரியின் கடைசியில் கேள்விக்குறியும் ஒரு சொல்லும் சேர்த்தால் அந்த ஒரு தடவை மட்டும் பிளகின் விலகி நிற்கும். டபிள்யூபி ராக்கெட்டில் அது 'நோ', 'டபிள்யூபி', 'ராக்கெட்' மூன்றும் இடைவெளியில்லாமல் சேர்ந்த சொல். பெர்ஃப்மேட்டர்ஸில் அதன் பெயரோடு 'ஆஃப்' சேர்ந்தது. அப்படித் திறந்தபோது தளம் சரியாக இருந்தால், குற்றம் அந்த பிளகினின் ஏதோ ஓர் அமைப்பில். அதை அழிக்கத் தேவையில்லை, அமைப்பைத் தேடினால் போதும்.

போன் மெனு முதல் தொடுதலில் திறக்காமல் இரண்டாம் தொடுதலில் திறந்தால், ஜேஎஸ்ஸைத் தள்ளிப்போடும் 'டிலே' அமைப்பைச் சந்தேகியுங்கள். யாராவது திரையைத் தொடும்வரை அது ஸ்கிரிப்டுகளைப் பிடித்துவைத்திருக்கும். முதல் தொடுதல் அவற்றை எழுப்புவதிலேயே போய்விடும். அந்த மெனுவின் ஸ்கிரிப்டை விலக்குப் பட்டியலில் சேர்த்தால் தீரும். தொடும்வரை ஸ்லைடர் வெள்ளையாக நிற்பதும் இதே நோய்தான். கிளவுட்ஃபிளேரில் ராக்கெட் லோடர் என்ற அமைப்பு இயங்கினால் அதுவும் ஸ்கிரிப்டுகளைப் பக்கம் தெரிந்த பிறகுக்குத் தள்ளிப்போடுகிறது. இரண்டில் ஒன்றை அணையுங்கள்.

பக்கம் முழுவதும் உடை கழற்றியது போல வெறும் எழுத்தாக வந்தால், நெட்வொர்க்கில் சிவப்பாக 404 என்று ஒரு சிஎஸ்எஸ் வரி இருக்கிறதா பாருங்கள். சேமித்துவைத்த பழைய பக்கம், அழிந்துபோன சுருக்கிய ஃபைலைத் தேடுகிறது என்று அர்த்தம். எல்லாக் கேஷையும் அழித்தால் சரியாகிவிடும். அடிக்கடி நடந்தால், ஃபைல்களை ஒன்றாகச் சேர்க்கும் 'கம்பைன்' அமைப்பை அணைத்துவிடுங்கள். பல ஃபைல்களை ஒரே இணைப்பில் அனுப்பும் எச்டிடிபி 2 வந்த பிறகு அதனால் லாபம் குறைவு. பக்கவாரியாக நிறுத்தும்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் வேறு வேறு சேர்க்கை உருவாகி, கேஷ் ஃபோல்டரும் வீங்கும்.

ஃபார்ம் காலையில் வேலை செய்து மறுநாள் அடம்பிடித்தால், கேஷின் ஆயுளைப் பாருங்கள். வேர்ட்பிரஸ் பாதுகாப்புக்காகத் தரும் ஒருவகை அடையாள எண் 12 முதல் 24 மணிநேரத்தில் காலாவதியாகும். பக்கம் அதைவிட நீண்டநேரம் கேஷில் கிடந்தால் சில ஃபார்ம் பிளகின்கள் அனுப்ப மறுக்கும். கேஷ் ஆயுளை 10 மணிநேரமாக்குங்கள்.

வேறு எதிலும் பிடிபடாவிட்டால் எஃப்12இல் 'கன்சோல்' தாவலுக்குப் போங்கள். 'ஜேக்வெரி இஸ் நாட் டிஃபைன்ட்' என்ற சிவப்பு வரி வந்தால் ஜேக்வெரி நின்றுவிட்டது அல்லது பிந்தி வருகிறது. அங்கேயும் ஒன்றும் இல்லையென்றால் நிறுத்திய விதிகளில் பாதியைத் திரும்ப இயக்குங்கள். சரியாகிவிட்டால் குற்றவாளி அந்தப் பாதியில். அதை மறுபடி பாதியாக்குங்கள். எத்தனை விதி இருந்தாலும் சில சுற்றுகளில் ஆள் அகப்பட்டுவிடும்.

டாஷ்போர்டே திறக்கவில்லையா? பதற வேண்டாம். வேர்ட்பிரஸ் 5.2இலிருந்து, பிளகின் ஒன்று தளத்தை வீழ்த்தினால் நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு மீட்பு லிங்க் ஒன்று வரும். வராவிட்டால் சிபேனலின் ஃபைல் மேனேஜரில் போய், பிளகின்ஸ் ஃபோல்டருக்குள் அந்த வேக பிளகினின் ஃபோல்டர் பெயரோடு ஓர் எழுத்தைச் சேர்த்து மாற்றுங்கள். அது அணைந்துவிடும். கேஷ் பிளகின்கள் அதற்கு வெளியே, டபிள்யூபி கன்டென்ட் ஃபோல்டரில், 'அட்வான்ஸ்ட் கேஷ்' என்ற பெயரில் ஒரு ஃபைலை விட்டுவைத்திருக்கும். அதன் பெயரையும் மாற்றுங்கள்.

பிறகு பார்த்துக்கொள்வது

சீசன் நேரத்தில் இந்த வேலையில் கை வைக்காதீர்கள். நுவரெலியாக்காரர்கள் ஏப்ரலுக்கு முன்பே முடித்துவிடுங்கள். சிவனொளிபாத மலைப் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை ஓடும். நல்லதண்ணிப் பக்கம் அறை கொடுப்பவர்கள் நவம்பருக்குள் செய்துவிட்டால் நிம்மதி.

எந்தப் பக்கத்தில் எந்த ஃபைலை ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். பின்னாளில் யாராவது லிப்டன் சீட் பக்கத்தில் ஒரு ஃபார்மைச் சேர்த்து அது வேலை செய்யாமல் போகும்போது, அந்த ஒரு வரிதான் காரணத்தைச் சொல்லும். பெரிய அப்டேட் ஒவ்வொன்றுக்குப் பிறகும் மெனு, ஃபார்ம், கூடை மூன்றையும் போனில் தொட்டுப் பாருங்கள். தீமையே மாற்றினால் பழைய விதிகளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். ஃபைல்களின் பெயர்கள் மாறியிருக்கும். எல்லா விதிகளையும் அழித்து, டெஸ்ட் மோடை இயக்கி, முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.